விறகின்மேல் ஒரு முன்னுரை

எங்கள் ஊர் லோய்ப்பிங்கில் கடைசியாகத் தீப்பிடித்துப் பதினாறு வருடம் ஆகிறது. அதுவும், தீயணைப்புச் சங்கத்தின் கோடைக் கூட்டத்தில் தொத்திறைச்சி சுட்ட அடுப்பிலிருந்து பறந்த பொறி சங்கத்தின் கொட்டகைமேலேயே விழுந்ததால். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கிற நிலையில் இல்லை. பக்கத்து ஊர் எர்லாவ்காரர்கள் வந்து அணைத்துவிட்டுப் போனார்கள். அதை இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் சங்கத்துக்கு நூற்றிருபத்தைந்து வயது வந்துவிட்டது. வயது வந்தால் எங்கள் ஃபில்ஸ் ஆற்றுப் பக்கத்தில் விழா எடுத்தே ஆகவேண்டும். ஜூலையில் நான்கு நாள். ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் கூடாரம், கொடியோடு நாற்பது ஊர்ச் சங்கங்கள், இரண்டு பித்தளை வாத்தியக் குழு, இந்த விழாவுக்கென்றே தனியாகக் காய்ச்சச் சொல்லியிருக்கும் பீர். பீர் கொஞ்சம் கறுப்பாக வரவேண்டுமா வெளுப்பாக வரவேண்டுமா என்று நிர்வாகக் குழு ஏழு கூட்டம் போட்டது. நெருப்பைப் பற்றி ஒரு கூட்டமும் போடவில்லை.

சங்கத் தலைவர் குவிரின் ஹாஸ்ல்பெக். நாற்பது கறவை மாடு, ஐம்பத்துநாலு வயது, வெள்ளிப் பொத்தான் வைத்த சட்டை. 'நான்' என்ற சொல்லைத் தலைவரான அன்றோடு விட்டுவிட்டார். 'நாம் இன்று வைக்கோல் வாங்கினோம்' என்பார். தொழுவத்தில் மாடுகளிடம்கூட மேடைக் குரலில்தான் பேசுவார். மாடுகள் தலையாட்டும், பொதுக்குழுவும் அப்படித்தான். நான் சங்கத்தின் செயலர், பெயர் செவெரின். வயிற்றுப் பிழைப்புக்கு இந்த வட்டாரத்து மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். அதனால் எல்லா வீட்டுப் பின்வாசலும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து முறைப்படி, விழா எடுக்கிற சங்கத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் சங்கமும் ஒரு விழாத் தாயும் வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி. இந்த இரண்டும் இல்லாமல் கொடியை மந்திரிக்கப் பாதிரியார் வரமாட்டார், பாதிரியார் வராவிட்டால் கூடாரம் இல்லை, கூடாரம் இல்லாவிட்டால் பீரை என்ன செய்வது என்று யோசிக்கவே பயமாக இருக்கும். இருவரையும் சும்மா கேட்டுவிடவும் முடியாது. பீப்பாயோடு போய், மூன்று முனையாகப் பிளந்த விறகின்மேல் மண்டியிட்டுக் கேட்கவேண்டும். அவர்கள் மாட்டேன் என்பார்கள். அவர்கள் சொன்ன கோமாளித்தனம் எல்லாம் செய்துவிட்டு மறுபடி கேட்கவேண்டும். 'சரி' என்ற சொல் வருகிறவரை அவர்கள் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது. இதைச் சட்டமாக யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த சட்டத்தைத்தான் இங்கே மீறுவார்கள்.

குவிரின் செய்த தப்பு இதுதான்: விழா மலரைப் பிப்ரவரியிலேயே அச்சடித்துவிட்டார். அச்சகக்காரருக்குக் குளிர்காலத்தில் வேலை குறைவு, தலைவருக்கு ஆசை அதிகம். நூற்று அறுபது பக்கம், எண்ணூறு பிரதி. அதில் ஞானத்தகப்பன் எர்லாவ் சங்கம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கேட்கப்போகிற நாளோ ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. அச்சுக்குப் போகுமுன் மூன்று தடவை படித்துப் பார்த்தவன் நான். ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன்.

மார்ச்சில் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று அவர் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வால்புர்கா முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் புளித்த மாவு உருண்டையை வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கண்ணாடி மாதிரி மெலிந்து, ஓரத்தில் தடித்து வரும். அப்படியே கொதிக்கிற நெய்யில் போட்டு எடுத்துச் சர்க்கரை தூவினால் நான் ஒரே மூச்சில் நாலு தின்பேன்.

"புர்கி, வந்துருச்சு. கையத் தொடச்சிட்டு வந்து பாரு," என்றார் குவிரின்.

"தொடச்சிட்டு வந்தா மாவு காஞ்சிடும். நீயே பிரிச்சுக் காட்டு."

"நூத்தி அறுவது பக்கம். உங்கண்ணன் எர்லாவ்ல விழா எடுத்தப்ப எத்தன பக்கம் போட்டான் தெரியுமா? தொண்ணூத்தாறு. அதுலயும் பாதி டிராக்டர் விளம்பரம்."

"இதுல விளம்பரம் இல்லையா?"

"இருக்கு. ஆனா கடைசிலதான்."

இரண்டாம் பக்கம் முழுக்கக் குவிரினின் படம். எதிரே மூன்றாம் பக்கத்தில் வால்புர்காவின் படம். அவள் நெய்க்கையோடு கட்டைவிரலை அதன்மேல் வைத்து, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது எப்ப எடுத்தது?"

"நம்ம பொண்ணு டோரிஸ் கல்யாணத்துல. பக்கத்துல நின்ன ஆள வெட்டிட்டோம்."

"பக்கத்துல நின்னது நீதான்யா."

"ஆமா. நம்ம படம்தான் தனியா பெருசா இருக்குல்ல."

படத்துக்குக் கீழே இருந்ததை அவள் வாய்விட்டு நிதானமாகப் படித்தாள். "விழாத் தாய்: சங்கத் தலைவர் திரு. குவிரின் ஹாஸ்ல்பெக் அவர்களின் துணைவியார்." ஒரு தடவைதான் படித்தாள். "எழுத்து நல்லா பெருசாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்து முழங்காலில் வைத்தாள்.

புறப்படும்போது என்னிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "எர்லாவ் பக்கம் போவேல்ல செவெரின்? அண்ணன் வீட்டுல குடுத்துடு. சூடா இருக்கு, கவுத்துடாத." பணியாரத்துக்குப் பை கொஞ்சம் கனம்தான். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் எர்லாவ் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய தலைவர், வால்புர்காவின் அண்ணன் வெண்டலின், மரம் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர். பேசுகிற பேச்சையும் பலகை மாதிரி அளந்துதான் அறுப்பார். கடிதத்தில் மூன்றே வரி. 'எங்கள் சங்கம் உங்களுக்கு ஞானத்தகப்பனாக இருப்பதாக உங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு இது புதுச் செய்தி. வாழ்த்துகள்.'

குவிரின் அதை என் கையில் கொடுத்தபோது 'நாம்' காணாமல் போயிருந்தது.

"போச்சு. வேற எந்த ஊரு வரும்? எர்லாவ் மாட்டேன்னு சொன்னா ஹைம்பாக் வருவானா? அவன் எர்லாவ் மூஞ்சியத்தான பாப்பான். நாலு மாசத்துல விழா. செவெரின், நீ எங்கயாவது தொழுவத்துல மறந்து வச்சிட்டியா?"

"சத்தியமா இல்ல."

"பின்ன யாரு? அச்சாபீஸ்காரனா? பாதிரியாரா?"

வால்புர்கா பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "யாரு குடுத்தா என்ன, எழுதினது எழுதினதுதான," என்றாள்.

"நீ உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசேன்."

"சங்கத்து விஷயத்துல பொம்பளைங்க எதுக்குன்னு பொதுக்குழுவுல சொன்னது யாரு?"

"அது பொதுவாச் சொன்னது."

"நானும் பொதுவாத்தான் சொல்றேன். நீயே போய்க் கேளு."

அவர் தயார் ஆனது வேறு விதம். முழங்காலுக்குக் கீழ்வரை வருகிற மான்தோல் காற்சட்டையை எடுத்து, உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லி, பழைய டிராக்டர் இருக்கையிலிருந்து வெட்டிய பஞ்சை வால்புர்காவிடம் கொடுத்தார். அவள் தைத்துக் கொடுத்தாள். வெளியே ஒரு நூல் தெரியாது. சமையலறைத் தரையில் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஞாயித்துக்கெழம பூசையே கேக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை இரண்டு வண்டி நிறைய ஆட்களோடு எர்லாவுக்குப் போனோம். முன்வண்டியில் பீப்பாயும் கொடியும் நிர்வாகக் குழுவும். பின்வண்டியில் பெண்கள், அடுப்பு, நெய்ச் சட்டி, இரண்டு வாளி மாவு. ஏப்ரல் அதன் வேலையைக் காட்டியது. பாலத்தில் வெயில், திருப்பத்தில் பனித்தூறல், சத்திரத்து முற்றத்துக்குள் நுழைந்தபோது இரண்டும் சேர்ந்து. எர்லாவ்காரர்கள் அறுபது பேர், பெஞ்சும் மேசையும் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு விறகு. காட்டில் வளரும் கடினமான பீச் மரம், அன்று காலையில் பிளந்தது. வெண்டலின் அதன் முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா மச்சான்," என்றார் வெண்டலின். "படிச்சோம்."

"பெருமதிப்பிற்குரிய எர்லாவ் சங்கத்தின்..."

"மொதல்ல எறங்கு."

குவிரின் மண்டியிட்டார். முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. வெண்டலின் பீப்பாய்க்குக் குழாய் அடிக்கிற மரச்சுத்தியலை எடுத்துவந்து, டாக்டர் மாதிரி குனிந்து, அவர் முழங்காலில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே வரவில்லை.

"என்ன மச்சான், முட்டி இவ்வளவு எளசா இருக்கு."

"வயசாகுது மச்சான், நீர் கோத்துக்கிச்சு."

"நீரு மஞ்சளா வெளிய வருது பாரு." பேனாக்கத்தியால் ஓரத்தில் ஒரே கீறல். டிராக்டர் இருக்கை பிதுங்கிக்கொண்டு வந்தது. எர்லாவ் மேசைகளைத் தட்டியது. எங்கள் ஆட்களும் தட்டினார்கள் என்பதைச் செயலர் என்ற முறையில் நான் குறித்துவைக்கவேண்டியிருக்கிறது. பின்வண்டிப் பக்கம் பார்த்தேன். வால்புர்கா சட்டியில் நெய் காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு போனபிறகு குவிரின் மறுபடி மண்டியிட்டபோது அவர் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டது.

"வேற எந்த வேலையும் குடுக்கப்போறதில்ல," என்றார் வெண்டலின். "மரம் அறுக்கச் சொல்லல, ஆடச் சொல்லல. உன் முன்னுரைய நீயே படிச்சுக் காட்டு. முழுசா. நாங்க படிப்பு கம்மியானவங்க, எழுதினவரு வாயால கேட்டாத்தான் புரியும்."

நாலாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரைக்கும் அவருடைய முன்னுரை. அதை எழுத ஒரு குளிர்காலம் ஆனது.

"தீ என்பது மனித குலத்தின் தொன்மையான நண்பனும் பகைவனும் ஆகும்," என்று தொடங்கினார். "ரோமானியர் காலத்திலேயே..."

பனித்தூறல் கனத்தது. அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு முழங்காலுக்கு ஆறுதல், மறுபக்கத்துக்கு வேதனை. பின்னால் தாமதமாக வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "ரோமாபுரிக்காரங்க போயிட்டாங்களா?"

"இன்னும் ஆல்ப்ஸ் மலையே தாண்டல. ஒக்காரு."

ஆறாம் பக்கத்தில் அவர் ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்தார். வெண்டலின் கையில் இருந்த பிரதியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். "மச்சான், கைப்பம்பு வாங்கினத விட்டுட்ட."

"அது அவ்வளவு முக்கியமில்ல மச்சான்."

"முக்கியமில்லாதத ஏன்யா எழுதின?"

குவிரின் கைப்பம்பு வாங்கியதைப் படித்தார். அதை வாங்க முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பம்பை இழுத்த இரண்டு குதிரைகளின் பெயர். ஒரு குதிரையின் பெயர் வந்தபோது அவர் குரல் உடைந்தது. உணர்ச்சி என்று யாரும் நினைக்கவில்லை.

எட்டாம் பக்கம் வந்தது. "பழம்பெரும் எர்லாவ் சங்கம் மனமுவந்து ஞானத்தகப்பனாக இருக்க இசைந்தமைக்கு நாம்..." அங்கே நின்றுவிட்டார். சட்டியில் நெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்ப இசைஞ்சோம்?" என்றார் வெண்டலின்.

"இன்னும் இசையல."

"அப்ப நன்றி?"

"முன்கூட்டியே."

யாரும் சிரிக்கவில்லை. குவிரின் புத்தகத்தை மூடிவிட்டார். "தப்பு என்னுது மச்சான். கேக்காம எழுதிட்டேன். வருவீங்களான்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கைதட்டப் போய், முடிந்துவிட்டதா என்று சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள்.

வெண்டலினின் மீசை அசைந்தது. "நாங்க வர்றதுல ஒண்ணுமில்ல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. தாயக் கேட்டுட்டுத்தான் தகப்பனக் கேக்கணும். தாயக் கேட்டாச்சா?" தன் பிரதியைத் திருப்பி மூன்றாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு நெய்க்கறை. தாள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியாக இருந்தது, வெளிச்சம் தெரிந்தது.

அன்று நான் எர்லாவுக்குக் கொண்டுபோன துணிப்பையின் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. குவிரினுக்கும் புரிந்திருக்கவேண்டும். வாயைத் திறந்தார். திறந்திருக்கக்கூடாது.

"அவ என் பொண்டாட்டிதான. அவளப் போய் எதுக்கு..."

எர்லாவ் பெண்கள், லோய்ப்பிங் பெண்கள், சத்திரத்துச் சமையல்காரி, எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இந்த இரண்டு ஊர்ப் பெண்களும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

வால்புர்கா கரண்டியைச் சட்டியின் ஓரத்தில் தட்டிவிட்டு வந்தாள். "இங்க வேணாம்ணே. எந்திரிக்கச் சொல்லு, எண்பது பேரு பாத்தது போதும். எங்கிட்டக் கேக்கறத வீட்டுலயே கேக்கட்டும்."

"உன் இஷ்டம் புர்கி. நீ சரின்னா நாங்க சரி," என்றார் வெண்டலின். "அதுவரைக்கும் இவங்க பீப்பாயத் தொறக்க வேணாம்."

அவள் குனிந்து விறகை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். லோய்ப்பிங் போய்ச் சேரும்வரை அது அவள் மடியில் இருந்தது. பீப்பாய் சத்திரத்து முற்றத்திலேயே, மூடினபடி. நல்லவேளை எர்லாவ்காரர்களிடம் சொந்தப் பீப்பாய் ஒன்று இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து, பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் சாப்பிட்டுவிட்டு நான் கண்ணயர்ந்த நேரத்தில் வால்புர்கா சன்னலைத் தட்டினாள். "வா. சங்கத்துப் பதிவேட்டையும் எடுத்துட்டு வா."

சமையலறை நடுவில் விறகு. குவிரின் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார். ஒற்றை விறகைச் சுற்றி நிற்பது எப்படி என்று கேட்டால், அவர் நின்றார். வால்புர்கா பாத்திரத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பஞ்சு வேணுமா?" என்றாள்.

"வேணாம்."

இறங்கினார். முழங்கால் நேற்றிலிருந்தே கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"பெருமதிப்பிற்குரிய..."

"செவெரின், இத எழுதாத."

குவிரின் தொண்டையைச் செருமினார். "புர்கி. விழாவுக்குத் தாயா இருப்பியா?"

"யாரு?"

"நீதான்."

"நீன்னா யாரு? புத்தகத்துல அந்த அம்மாவுக்குப் பேரே இல்லையே. அதான் யாரோன்னு நெனச்சேன்."

"வால்புர்கா."

"எந்த வால்புர்கா?"

"வால்புர்கா ஹாஸ்ல்பெக். பொறந்த வீடு லேர்ஹ்னர்."

"ம்." அவள் மாவை ஒன்றாகத் திரட்டி, மேலே துணியைப் போட்டு மூடினாள். "மாவு உப்பட்டும், சொல்றேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"வெயில் நாளுன்னா அரை மணி. இன்னிக்கு மப்பா இருக்கு. மெதுவாத்தான் உப்பும்."

அவள் முக்காலியில் உட்கார்ந்து, ஊர்வலத்துக்கான காகிதப் பூக்களைக் கட்ட ஆரம்பித்தாள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு. கூடாரத்துக்கு மட்டும் மூவாயிரம் வேண்டும். சுவர்க் கடிகாரம் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. குவிரின் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டில் தேதியை அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மண்டியிட்டபடியே கையை நீட்டி, மாவுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து, அடுப்புப் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினார்.

வால்புர்கா பூவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரி. இருக்கேன்."

"நெஜமாவா?"

"பேரப் போட்டீன்னா."

"அதெப்படி புர்கி? எண்ணூறும் அச்சாகி வந்தாச்சே."

"பேனா இருக்கில்ல."

குவிரின் எண்ணூறை மனத்துக்குள் விரித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. மேசையைப் பிடித்து எழுந்தார். "அப்ப 'துணைவியார்'ங்கறத அடிச்சிடவா?"

"எதுக்கு? அது பொய்யில்லையே. கீழ எழுது. புரியற கையெழுத்துல எழுது, டாக்டர் சீட்டு மாதிரி எழுதாத."

நான் எர்லாவுக்குப் போன் செய்தேன். வெண்டலின் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார். நெய் காய்வதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெடி ஒன்று முழங்கிற்று. பீப்பாய் திறந்துவிட்டது என்று அர்த்தம். அவர்கள் முந்தின நாளிலிருந்தே அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம்.

முழங்கால் மடங்காததால் குவிரின் தொழுவத்துத் தீவனப் பெட்டிமேல் புத்தகங்களை அடுக்கி, நின்றுகொண்டே எழுதினார். காலைப் பால் கறந்தபின் இருபது, மாலையில் இருபது. முதல் நூறில் எழுத்துக்கு எழுத்து வாலும் சுழியும் இருந்தது. மூன்றாம் நூறில் சுழி போயிற்று. ஐந்தாம் நூறில், மாடுகள் சாட்சியாக, அவர் கையெழுத்து முதல்முறையாகப் படிக்கிற மாதிரி வந்தது. ஒரு நாள் ஊசியோடு போனவனிடம், "நான் இன்னியோட அறுநூத்தி நாப்பது முடிச்சிட்டேன்," என்றார். நாம் இல்லை. நான்.

வெண்டலினிடம் இருந்த நெய்க்கறைப் பிரதியையும் கேட்டு வாங்கி அதிலும் எழுதிக் கொடுத்தார்.

ஜூலையில் மழை பெய்யவில்லை. நாலு நாளும் கூடாரத்தில் நான் மேசை மேசையாகப் போனேன். விழா மலர் எல்லா மேசையிலும் கிடந்தது, பெரும்பாலும் பீர்க்குவளைக்கு அடியில். ஆனால் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் மூன்றாம் பக்கத்தில் நின்றார்கள். நீல மசியை விரலால் தடவி, ஒருவருக்கொருவர் காட்டி, "அட, கைல எழுதியிருக்கான்யா," என்றார்கள். நாலாம் பக்கத்துக்கு யாரும் போகவில்லை. குவிரின் எழுதியதில் ஜனங்கள் கடைசிவரை படித்தது அந்த ஒற்றை வரியைத்தான்.